தீவனப்புல்லுக்கும் சாம்பல் சத்து வேண்டும்

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நட்ட முதல் வருஷம் ஆள் மறையும் உயரத்துக்கு வளர்கிறது. நட்ட 75 அல்லது 80-ம் நாள் முதல் அறுப்பு, பிறகு 45 நாளைக்கு ஒரு அறுப்பு என்று எடுத்தாலும் சளைக்காமல் துளிர்க்கிறது. இரண்டு கறவை மாட்டை நம்பிக் குடும்பம் நடத்தும் சிறு விவசாயி, இருக்கிற நிலத்தில் கால் ஏக்கரை இதற்கென்று ஒதுக்கிவிட்டால் பசுந்தீவனக் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறார். முதல் இரண்டு வருஷம் அவர் நினைப்பு பொய்ப்பதில்லை.

மூன்றாம் வருஷம் நிலைமை மாறுகிறது. அறுத்த தூர் துளிர்க்க நாளாகிறது. தண்டு பென்சில் கனத்துக்கு மெலிகிறது. அடி இலைகளின் நுனியும் ஓரமும் பழுத்துக் கருகுகின்றன. அங்கங்கே தூர் செத்துச் சொட்டை விழுகிறது. விவசாயி யூரியாவைக் கூட்டிப் போடுகிறார். பத்து நாள் கருகருவென்று பச்சை ஏறுகிறது. அடுத்த அறுப்புக்குள் மறுபடி பழைய கதைதான். கடைசியில் "புல் கிழடு தட்டிவிட்டது" என்று முடிவு கட்டி, தூரைத் தோண்டி எறிந்துவிட்டுப் புதுக் கரணை தேடிப் போகிறார்.

புல்லுக்கு வயதாகும் என்பது உண்மைதான். தூரின் நடுப்பகுதி செத்துப்போவதும், தண்ணீர் தேங்குவதும், அரிவாளைத் தரையோடு வைத்து வழித்தெடுப்பதும்கூடத் தூரைக் கெடுக்கும். ஆனால் செம்மண்ணிலும் மணற்பாங்கான நிலத்திலும் இந்தச் சீக்குக்கு மூலகாரணம் பெரும்பாலும் சாம்பல் சத்துப் பஞ்சம். யூரியாவைக் கூட்டுவதால் அந்தப் பஞ்சம் தீராது. புல் வேகமாக வளர்ந்து மண்ணில் மிச்சமிருக்கிற சாம்பல் சத்தையும் உறிஞ்சிக்கொள்வதால் இன்னும் முற்றத்தான் செய்யும்.

ஒரு டன் புல்லில் போவது எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஒரு டன் புல்லை அறுத்தால் அதில் உலர்ந்த பொருள் சுமார் 200 கிலோ. அந்த உலர்ந்த பொருளில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு பொட்டாசியம். அதாவது ஒரு டன் புல்லோடு 3 முதல் 4 கிலோ பொட்டாசியம் வயலை விட்டு வெளியேறுகிறது. கடையில் விற்கும் மியூரேட் ஆப் பொட்டாஷ் உரமாக இதைக் கணக்கிட்டால் 6 முதல் 8 கிலோ வரும்.

நல்ல பராமரிப்பில் கோ.4 போன்ற ஒட்டு ரகங்கள் ஹெக்டேருக்கு வருஷத்தில் 350 டன்னுக்கு மேல் கொடுக்கக்கூடியவை. அது ஏக்கருக்கு 140 டன். சாதாரண விவசாயி இதில் பாதிதான் எடுக்கிறார் என்று வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு 70 டன். அப்படியானால் ஒரு வருஷத்தில் அந்த ஒரு ஏக்கரிலிருந்து 420 முதல் 560 கிலோ பொட்டாஷ் உரத்துக்குச் சமமான சத்து போய்விடுகிறது. எட்டு மூட்டைக்குக் குறையாது, பதினொரு மூட்டை வரை இருக்கும்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். இந்தப் புல்லுக்கு அடியுரமாகப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150, மணிச்சத்து 50, சாம்பல் சத்து 40 கிலோ. ஏக்கருக்குச் சாம்பல் சத்து 16 கிலோ. அதாவது சுமார் 27 கிலோ பொட்டாஷ் உரம். நடும்போது இதை ஒரு தடவை போட்டுவிட்டு, பிறகு மூன்று வருஷம் யூரியா ஒன்றையே போட்டுக்கொண்டிருந்தால் மீதிச் சத்துக்குப் புல் எங்கே போகும்? மண்ணைத்தான் உறிஞ்ச வேண்டும்.

மண் கொஞ்ச காலத்துக்குக் கொடுக்கத்தான் செய்யும். களித்தாதுக்களுக்குள் சிறைப்பட்டிருக்கும் சாம்பல் சத்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். கரிசல் நிலத்தில் இந்தச் சேமிப்பு அதிகம் என்பதால் அங்கே பல வருஷம் தாக்குப்பிடிக்கும். செம்மண்ணில் குறைவு, மணலில் சொற்பம். முதல் இரண்டு வருஷம் புல் செழித்ததற்கும் மூன்றாம் வருஷம் நொடித்ததற்கும் காரணம் இதுதான். புவர்ட்டோ ரிக்கோ தீவில் 1950-களிலும் 60-களிலும் யானைப்புல்லையும் கினியாப் புல்லையும் வைத்து நடத்திய நீண்ட காலச் சோதனைகளிலும் இதே கதைதான் தெரிந்தது: ஆரம்பத்தில் மண் தாராளமாகக் கொடுத்தது, வருஷம் ஏற ஏறக் கை சுருங்கியது.

நெல் வைப்பவருக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது; மணியில் போவது கொஞ்சம். வைக்கோலோ தாளோ ஏதோ ஒரு வழியில் வயலுக்குத் திரும்பிவிடுகிறது. தீவனப்புல்லில் இலை, தண்டு எல்லாவற்றையும் அடியோடு அறுத்து எடுத்துக்கொண்டு போகிறோம். வயலில் நிற்பது அடிக்கட்டை மட்டுமே.

புல்லுக்கு அது செய்யும் வேலை

சாம்பல் சத்து இலையின் பகுதியாகவோ தண்டின் பகுதியாகவோ மாறுவதில்லை. செடியின் சாற்றில் கரைந்தபடியே நின்று வேலை வாங்குகிறது. இலையில் இருக்கும் நுண்ணிய மூச்சுத் துளைகளைத் திறந்து மூடுவது இதன் பொறுப்பு. இது குறைந்தால் துளைகள் சரியாக மூடாமல், வெயில் நேரத்தில் புல் சீக்கிரம் வாடும். தண்ணீர் ஒரு வாரம் தள்ளிப்போனால் பக்கத்து வயல் புல் நிமிர்ந்து நிற்க, இந்த வயல் புல் மட்டும் சுருண்டு கிடப்பதன் காரணம் பல சமயம் இதுவே.

இலையில் தயாராகும் சர்க்கரையைத் தூருக்கும் வேருக்கும் கொண்டு சேர்ப்பதற்கும் சாம்பல் சத்து வேண்டும். அறுத்தபின் இலையே இல்லாத அடிக்கட்டை எதை வைத்துத் துளிர்க்கிறது? தூரில் சேர்த்துவைத்த சர்க்கரையை வைத்துத்தான். அந்தச் சேமிப்பு இல்லாத தூர் மெதுவாகத் துளிர்க்கும், சிம்பு குறையும், இரண்டு மூன்று அறுப்பில் சாகும். வயலில் சொட்டை விழுவது இப்படித்தான்.

யூரியாவிலிருந்து எடுத்த தழைச்சத்தைப் புரதமாக மாற்றுவதற்கும் இது துணை செய்கிறது. சாம்பல் சத்து இல்லாத புல்லில் தழைச்சத்து முழுதும் புரதமாகாமல் அரைகுறையாக நிற்கும். விலை கொடுத்து வாங்கிய யூரியாவின் ஒரு பங்கு வீணானதுதான்.

நோய்க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிப்டன் ஊர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1943-ல் வெளியான 'கோஸ்டல் பெர்முடா' என்பது நம்மூர் அருகம்புல்லின் உறவு. தென் மாநிலங்களில் உலர்தீவனத்துக்காக அதை ஏராளமாக வளர்க்கிறார்கள். தழைச்சத்தை மட்டும் கொட்டி வருஷக்கணக்கில் அறுத்த வயல்களில் இலைப்புள்ளி நோய் கண்டு புல் மெலிந்து போயிற்று. பொட்டாஷ் போட்ட வயல்களில் நோய் தணிந்து, புல் அடர்ந்தது. களைக்கே அஞ்சாத அருகம்புல் கதியே அதுவென்றால் ஒட்டுப்புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பாலைக் கூட்டுமா?

பொட்டாஷ் போட்ட புல்லைத் தின்றால் மாடு கூடுதலாகக் கறக்கும் என்று சிலர் சொல்லக் கேட்கலாம். நேரடியாக அப்படி ஒன்றும் நடப்பதில்லை. மாட்டுக்கு வேண்டிய அளவு பொட்டாசியம் சாதாரணப் புல்லிலேயே இருக்கிறது. கறவை மாட்டின் தீவனத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு இருந்தால் போதும். ஓரளவு தேறிய புல்லில் அதற்கு மேலேயே இருக்கும். புரதத்தின் சதவீதமும் பொட்டாஷினால் பெரிதாக ஏறுவதில்லை. புல் அதிகம் விளைவதால் சில சமயம் சதவீதம் ஒரு புள்ளி இறங்கவும் செய்யும். ஆனால் அதே கால் ஏக்கரில் கிடைக்கும் மொத்தப் புரதம் கூடுகிறது. கடையில் வாங்கும் புண்ணாக்கும் கலப்புத் தீவனமும் அந்த அளவுக்குக் குறையும். லாபம் வருவது அந்த வழியில்தான்.

கலப்பாகப் பயறுவகைத் தீவனம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பலன் உண்டு. மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் என்று நட்டால் முதல் வருஷம் அழகாக வரும். மண்ணில் சாம்பல் சத்து குறையக் குறைய, வலுத்த வேருள்ள புல் அதை முந்திக்கொண்டு எடுத்துவிடும். வேலிமசால் பின்தங்கி நோஞ்சானாகும். வேலிமசால் போனால் புரதமும் போயிற்று. கலப்புப் பயிரில் பொட்டாஷைக் கைவிடக்கூடாது.

அளவு மிஞ்சினால்

சாம்பல் சத்து விஷயத்தில் புல்லுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கிடைத்தால் கிடைத்த மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். தேவை ஒன்றரைப் பங்கு என்றால் மூன்று பங்குகூட எடுக்கும். அதனால் விளைச்சல் கூடாது. வருஷத்துக்கு வேண்டிய பொட்டாஷை ஒரே தடவையில் கொட்டினால் அடுத்த அறுப்பில் பெரும்பகுதி மாட்டுக்குப் போய், அங்கிருந்து சாக்கடைக்குப் போகும். மணல் நிலத்தில் மிச்சம் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். ஆகவே பிரித்துப் பிரித்துப் போடுவதே முறை.

அதிகப்படி உறிஞ்சுவதால் வேறு கெடுதலும் உண்டு. பொட்டாசியம் ஏறினால் புல்லில் மெக்னீசியமும் சுண்ணாம்புச் சத்தும் இறங்கும். நேப்பியர் இனப் புல்லில் ஆக்சலேட் என்ற பொருள் இயல்பாகவே இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்குச் சேரவிடாமல் செய்யும். தழைச்சத்தும் சாம்பல் சத்தும் மிகுந்த இளம்புல்லில் கரையும் ஆக்சலேட் கூடுகிறது. பழகிய மாட்டின் வயிறு இதை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். பழக்கமில்லாத மாட்டுக்கு வெறும் வயிற்றில் இளம்புல்லை மட்டும் திணிப்பது ஆபத்து. வைக்கோலோ சோளத்தட்டோ கலந்து கொடுக்க வேண்டும்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது சினை மாடு. கன்று ஈனுவதற்கு முந்திய மூன்று வாரங்களில் பொட்டாசியம் மிகுந்த தீவனம் நிறையக் கொடுத்தால், ஈன்றவுடன் வரும் பால் சுரத்துக்கு அது வழி செய்யும். அந்த மூன்று வாரமும் உரம் போட்ட இளம்புல்லைக் குறைத்து உலர்தீவனத்தைக் கூட்டுவது நல்லது. தாது உப்புக் கலவை எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுக்கலாம். பால் அதிகம் கறக்கும் கலப்பின மாடுகளில் இதை அலட்சியம் செய்து, ஈன்ற மறுநாள் மாடு எழுந்திருக்க முடியாமல் படுத்துக்கொண்ட பிறகு ஓடுவதில் பயனில்லை.

சாக்கடையில் போகும் மூட்டை

சாம்பல் சத்துக்காகக் கடைக்குப் போகும் முன் விவசாயி தன் கட்டுத்தரையைப் பார்க்க வேண்டும்.

ஒரு கறவை மாடு தினம் 30 கிலோ பசும்புல் தின்கிறது. அதில் 90 முதல் 120 கிராம் பொட்டாசியம். பத்து லிட்டர் கறந்தால் பாலில் போவது 15 கிராம் அளவுதான். மற்றதெல்லாம் பின்பக்கம் வெளியே வந்துவிடுகிறது. அப்படி வெளிவருவதில் சாணத்தில் இருப்பது கால் பங்கு. முக்கால் பங்கு மூத்திரத்தில். கணக்குப் பார்த்தால் ஒரு மாட்டின் மூத்திரத்தில் வருஷத்துக்கு 20 முதல் 29 கிலோ பொட்டாசியம் போகிறது. உரமாகச் சொன்னால் 40 முதல் 58 கிலோ பொட்டாஷ். மாட்டுக்கு ஒரு மூட்டை!

நம் விவசாயி சாணத்தை அள்ளி எருக்குழியில் பத்திரமாகச் சேர்க்கிறார். மூத்திரத்தை மண்தரை குடித்துவிடுகிறது, இல்லாவிட்டால் தெருச் சாக்கடையில் ஓடுகிறது. எருக்குழியும் திறந்து கிடந்து மழையில் நனைந்தால் அதிலுள்ள சாம்பல் சத்தும் கரைந்து போகும். நன்றாக மக்கிய எரு போட்டேன், பிறகு ஏன் புல் இப்படி என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது.

கட்டுத்தரைக்குக் கல்லோ சிமென்டோ பாவி, லேசாகச் சரிவு வைத்து, கோடியில் ஒரு தொட்டி கட்டினால் போதும். அந்தத் தொட்டிக் கழிவைக் கழுவுநீரோடு பாசன வாய்க்காலில் கலந்து புல்வயலுக்குப் பாய்ச்சலாம். சிமென்டுக்கு வசதியில்லாதவர்கள் மாட்டின் பின்கால் பக்கம் கழித்த தட்டு, சருகு, கடலைத்தோல் பரப்பி மூத்திரத்தை உறிஞ்சவிட்டு, வாரம் ஒரு தடவை அள்ளி எருக்குழியில் போடலாம். தண்ணீர் கலக்காத மூத்திரத்தைத் துளிர் மேல் ஊற்றினால் கருகும்; பல மடங்கு தண்ணீரில் கலந்தே விட வேண்டும். கழிவை எப்போதும் வாய்க்கால் தலைப்பில் உள்ள பாத்திக்கே பாய்ச்சுவதும் பொதுவான தவறு. தலைப்பாத்தி புல் கொழுத்து, கடைமடைப் பாத்தி வற்றிக் கிடக்கும். பாத்தி மாற்றி மாற்றிப் பாய்ச்ச வேண்டும்.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல் தலைமுறை தலைமுறையாக ஒரு பிடி உரமும் இல்லாமல் வளர்வதன் ரகசியமும் இதுவே. மாடு மேய்ந்த இடத்திலேயே சாணமும் மூத்திரமும் விழுகின்றன. சத்து காட்டை விட்டு அதிகம் வெளியேறுவதில்லை. அறுத்து வந்து கட்டிப்போட்டுத் தீவனம் போடும் முறையில் அந்தச் சுற்று அறுந்துவிடுகிறது. அதை விவசாயிதான் தன் கையால் கட்ட வேண்டும்.

புல்லை அறுத்து எடை போட்டு வெளியில் விற்பவர்கள் கதை வேறு. அவர்களுக்குத் திரும்பி வருவது ஒன்றுமில்லை. விற்கும் ஒவ்வொரு டன்னோடும் 6 முதல் 8 கிலோ பொட்டாஷையும் சேர்த்தே விற்கிறார்கள். விலை பேசும்போது அதையும் கணக்கில் வைப்பது நல்லது.

எவ்வளவு, எப்போது?

மண் பரிசோதனை செய்துகொண்டு போடுவதே சரி. பயிருக்குக் கிட்டும் சாம்பல் சத்து ஹெக்டேருக்கு 118 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு. 118 முதல் 280 வரை நடுத்தரம். அதற்கு மேல் அதிகம் என்று ஆய்வுக்கூட அட்டையில் குறித்துத் தருவார்கள். உரம் போட்ட கையோடு மண் எடுத்தால் கணக்குப் பொய்க்கும். அறுப்பு முடிந்து, உரம் போடுவதற்கு முன் எடுக்க வேண்டும். தலைப்பாத்தி மண்ணையும் கடைமடை மண்ணையும் கலக்காமல் தனித்தனியாகக் கொடுத்தால் வித்தியாசம் தெரியும்.

'குறைவு' என்று வந்த நிலத்தில் ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் ஏக்கருக்கு அரை மூட்டை, அதாவது 25 கிலோ மியூரேட் ஆப் பொட்டாஷ் யூரியாவோடு சேர்த்துப் போடலாம். நடுத்தர நிலத்தில் ஒன்று விட்டு ஒரு அறுப்புக்குப் போட்டால் போதும். 'அதிகம்' என்று வந்த கரிசலில் பொட்டாஷ் வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்; இரண்டு வருஷம் கழித்து மறுபடி சோதித்துக்கொள்ளலாம். மாட்டுக் கழிவை ஒழுங்காகத் திருப்பி விடுபவர்கள் இந்த அளவிலும் குறைத்துக்கொள்ளலாம்.

அறுத்து மூன்று நான்கு நாள் கழித்து, துளிர் கண்ணில் படும்போது, ஈரம் உள்ள நிலத்தில் தூரை ஒட்டித் தூவிவிட்டு லேசாகத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அறுத்த அன்றே வெட்டுவாயில் உரம் விழுந்தால் புண் மேல் உப்பு வைத்த மாதிரிதான். யூரியாவையும் பொட்டாஷையும் கலந்தால் அன்றைக்கே தூவிவிட வேண்டும். கலந்து வைத்தால் கசிந்து கட்டியாகும். பொட்டாஷ் சிவப்பாக இருந்தாலும் வெள்ளையாக இருந்தாலும் சத்து ஒன்றுதான். அடிக்கட்டையை அரைச்சாண் விட்டு அறுப்பது தூருக்கு நல்லது.

கடையில் கொடுக்கும் கலப்பு உரத்தைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். மூட்டை மேல் மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல் சத்து. 20:20:0 என்ற மூட்டையில் சாம்பல் சத்து கிடையாது. டி.ஏ.பி.யிலும் கிடையாது. "காம்ப்ளக்ஸ் போட்டாயிற்று" என்று சொல்பவர்களில் பலர் இந்த மூன்றாவது எண்ணைப் பார்ப்பதில்லை. 17:17:17-ல் உண்டு.

பொட்டாஷ் நம் நாட்டில் தோண்டி எடுக்கும் பொருளல்ல. கனடா, ரஷ்யா, ஜோர்டான், இஸ்ரேல் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருவது. அங்கே சண்டை மூண்டால் இங்கே விலை ஏறும். 2022-ல் ஏறியது பலருக்கு நினைவிருக்கும். ஆகவே வாங்கும் மூட்டை பலன் தருகிறதா என்று சோதித்துப் பார்த்துக்கொள்வது அவசியம். அது ஒன்றும் கஷ்டமில்லை. புல்வயலில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பாத்திகளை, ஒவ்வொன்றும் ஒரு சென்ட் அளவில், குச்சி நட்டு அடையாளம் செய்ய வேண்டும். இரண்டுக்கும் யூரியா ஒரே அளவு. ஒன்றுக்கு மட்டும் ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் கால் கிலோ பொட்டாஷ். அறுக்கும்போது இரண்டு பாத்திப் புல்லையும் தனித்தனியே கட்டி எடை போட்டு, காலண்டரிலேயே குறித்து வைக்கலாம். முதல் அறுப்பில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். மூன்றாவது அறுப்பிலும் இரண்டு கட்டும் ஒரே எடை நின்றால் அந்த நிலத்துக்கு இப்போது பொட்டாஷ் வேண்டாம். போட்ட பாத்தி பத்துக்கு ஒரு பங்கு கூடுதலாகக் காட்டினால், அந்தக் கூடுதல் புல்லின் விலையையும் உரத்தின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு மூட்டைக்குப் பணம் கொடுக்கலாம்.